வழி கேட்கப் போய் கிடைச்ச மனுஷங்க: வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல, வெளிநாட்டுப் பயணத்துல எதிர்பார்க்காம யாரையாவது சந்திச்சு மனசு நிறைஞ்சு போன அனுபவம் இருந்தா எழுதுங்க, அதைப் பத்திக் கேள்வி இருந்தாலும் கேளுங்கன்னு சொல்லியிருந்தேன். கடிதம், மெயில், வாட்ஸ்அப் வாய்ஸ் மெசேஜ்னு நிறைய வந்துச்சு, எல்லாத்தையும் ரெண்டு தடவை படிச்சேன் கேட்டேன், சிலதைப் படிக்கிறப்ப கண்ணு கலங்கிடுச்சு. இடம் இருக்கிற அளவுக்கு இங்க பதில் சொல்றேன்.

எனக்கு 58 வயசு, வீட்டுக்காரருக்கு 63. முதல் தடவையா வெளிநாடு போறோம். பொண்ணு வியட்நாமுக்கு டிக்கெட் போட்டுக் குடுத்திருக்கா, ஹோட்டல், கார், கைடு எல்லாம் புக் பண்ணியாச்சு, ஏழு நாளும் காலையில இருந்து ராத்திரி வரைக்கும் லிஸ்ட் இருக்கு. போயிட்டு வந்தவங்க எல்லாம் அங்க ஒருத்தர் உதவி பண்ணாங்க, இங்க ஒருத்தர் வீட்டுக்குக் கூப்பிட்டாங்கன்னு சொல்றாங்களே, எங்களுக்கும் அப்படி அமையுமா அக்கா?
*வாசகி, திருச்சி*

அமையும். ஆனா நீங்க அனுப்பின லிஸ்ட்ல அதுக்கு இடமே இல்ல, அதான் பிரச்சினை. பொண்ணு பாசத்துல பண்ணியிருக்கா, தப்புச் சொல்லல. ஒரு விஷயம் மட்டும் அவகிட்ட கேளுங்க, ஹோ சி மின் சிட்டியில, அதான் பழைய சைகோன்ல, ஒரு அரை நாள் கார் வேண்டாம் கைடு வேண்டாம், நாங்களே சுத்திப் பார்த்துக்கிறோம்னு.

ஏன் அந்த ஊர்னு சொல்றேன். அங்க பென் தான் மார்க்கெட் பக்கத்துல த்ரூங் தின்னு ஒரு தெரு, அதுல நம்ம மாரியம்மன் கோயில் இருக்கு. பிரெஞ்சுக்காரங்க ஆண்ட காலத்துல வட்டித் தொழிலுக்காக நாட்டுக்கோட்டை செட்டியார்கள் நிறைய பேர் சைகோன்ல இருந்தாங்க, அந்தக் காலத்துத் தமிழ் ஜனங்க எழுப்பின கோயில் அது. தண்டாயுதபாணிக்கும் அதே ஊர்ல தனியா கோயில் இருக்கு. 1975-ல போர் முடிஞ்சதும் பெரும்பாலான தமிழ்க் குடும்பங்க கிளம்பிட்டாங்க. ஆனா அம்மன் அநாதையா நிக்கல. வியட்நாம் ஜனங்களே வந்து கும்பிட ஆரம்பிச்சு இன்னைக்கு வரைக்கும் கும்பிடுறாங்க, 'சுவா பா அன்'னு அவங்க பாஷையில சொல்றாங்க, இந்தியத் தாயார் கோயில்ங்கிற மாதிரி அர்த்தம்.

நான் போனப்ப போன்ல சார்ஜ் தீர்ந்து போச்சு. ஹோட்டல்ல ஒரு பையன் தெரு பேரை ஒரு துண்டுப் பேப்பர்ல எழுதிக் குடுத்திருந்தான், அதைத் தூக்கிக்கிட்டு மார்க்கெட் வாசல்ல நின்னு யாரைக் கேட்குறதுன்னு தெரியாம முழிச்சப்ப, காய் வாங்கிட்டு வந்த ஒரு அம்மா, என் வயசு தான் இருக்கும், பேப்பரை வாங்கிப் பார்த்துட்டு என் நெத்தியில இருந்த பொட்டைப் பார்த்துட்டுச் சிரிச்சாங்க, கையைப் பிடிச்சுக் கூட்டிட்டே போயிட்டாங்க. வாசலோட விட்டுட்டுப் போவாங்கன்னு பார்த்தா செருப்பைக் கழட்டிட்டு அவங்களும் உள்ள வந்தாங்க. ஊதுபத்தி ஏத்தி என் கையில குடுத்தாங்க. அப்புறம் கருவறைக்குப் பின்னால கூட்டிட்டுப் போனாங்க. அங்க கல் சுவர்ல கையையும் நெத்தியையும் வச்சு, அம்மன் காதுல சொல்ற மாதிரி மெதுவா வேண்டுதலைச் சொல்றது அங்கத்த வழக்கம். எனக்குத் தெரியல, சும்மா நின்னேன், அவங்க என் கையை எடுத்து அந்தக் கல்லு மேல வச்சு, தன் காதைத் தொட்டுக் காட்டி, சொல்லு சொல்லுன்னு தலையை ஆட்டினாங்க. சின்ன வயசுல இருந்து சமயபுரம் போற எனக்கு, மாரியம்மன்கிட்ட எப்படிப் பேசணும்னு ஒரு வியட்நாம் அம்மா சொல்லிக் குடுத்தாங்க. இப்ப எழுதுறப்பவும் உடம்பு சிலிர்க்குது.

பர்ஸ்ல எப்பவும் சமயபுரத்தாளோட ஒரு சின்னப் படம் வச்சிருப்பேன், அதை எடுத்துக் காட்டினேன், பக்கத்துல இருந்த நாலஞ்சு பேர் கூடிட்டாங்க, ஆளாளுக்கு வாங்கி கண்ணுல ஒத்திக்கிட்டாங்க. படத்தை அந்த அம்மாகிட்டயே குடுத்துட்டேன். அப்புறம் தெருவோரக் கடையில சின்னப் பிளாஸ்டிக் ஸ்டூல்ல உட்கார வச்சு, கெட்டிப்பாலும் ஐஸும் போட்ட காபி வாங்கித் தந்தாங்க, ஒரு மணி நேரம் ரெண்டு பேரும் அவங்கவங்க பாஷையில பேசிக்கிட்டே இருந்தோம், புள்ளைங்க எத்தனை, முட்டி வலி எப்படி, எல்லாம் புரிஞ்சுது.

வாசல்ல ஏசி கார் காத்துட்டு இருந்திருந்தா, போன்ல சார்ஜ் இருந்திருந்தா, இது எதுவும் இல்ல. எல்லாத்தையும் தெரிஞ்சு வச்சிருக்கிறவங்களுக்கு யாரோட தயவும் தேவைப்படுறது இல்ல, தயவு தேவைப்படாத இடத்துல பேச்சுக்கு எப்படி ஆரம்பம் வரும்? நீங்க திருச்சிக்காரங்க, சமயபுரம் குங்குமம் நாலு பொட்டலம் எடுத்துட்டுப் போங்க. த்ரூங் தின் தெரு எங்கன்னு மேப்ல பார்க்காதீங்க, யாரையாவது கேளுங்க.

நான் ரொம்பக் கூச்ச சுபாவம். பக்கத்து சீட்காரர்கிட்டப் பேச்சுக் குடுத்தா எரிச்சல் படுவாங்களோன்னு பயம். என்ன பண்ண?
*வாசகர், ஈரோடு*

இந்த பயம் உங்களுக்கு மட்டும் இல்ல, உங்க பக்கத்துல உட்கார்ந்திருக்கிறவருக்கும் அதே பயம் தான். அமெரிக்காவுல நிக்கோலஸ் எப்லி, ஜூலியானா ஷ்ரோடர்னு ரெண்டு ஆய்வாளருங்க சிகாகோ ரயில்ல தினமும் வேலைக்குப் போறவங்களை வச்சு ஒரு சோதனை பண்ணி 2014-ல வெளியிட்டாங்க. சில பேரைப் பக்கத்துல இருக்கிறவர்கிட்டப் பேசச் சொன்னாங்க, சில பேரைத் தனியாவே இருக்கச் சொன்னாங்க. பேசினா பயணம் கசந்து போகும்னு தான் ஜனங்க முன்கூட்டி நினைச்சாங்க, ஆனா பேசிட்டு இறங்கினவங்க தான் சந்தோஷமா இறங்கினாங்க.

உங்களுக்கு ஒரு சுலபமான வழி, கருத்துக் கேட்காதீங்க உதவி கேளுங்க. "இந்த ஸ்டேஷன் வந்தா சொல்றீங்களா?" போதும். உதவி செஞ்சவங்களுக்கு உங்க மேல ஒரு உரிமை வந்துடும், அப்புறம் பேச்சை அவங்களே பார்த்துப்பாங்க.

மொழியே தெரியாத ஊர்ல ஒருத்தர் வீட்டுக்குள்ள போய் உட்கார்ற அளவுக்கு எப்படிப் பழக முடியுது? ஜார்ஜியா போன கதையை முன்னாடி ஒரு தடவை ரெண்டு வரியில சொல்லியிருந்தீங்க, முழுசாச் சொல்லுங்களேன்.
*வாசகி, கோயம்புத்தூர்*

சொல்றேன், எத்தனை தடவை சொன்னாலும் எனக்கு அலுக்காத கதை.

ஜார்ஜியா நாட்டுத் தலைநகர் திபிலிசியில இருந்து வடக்கே ரஷ்ய எல்லையைப் பார்த்துப் போற மலைப்பாதையில ஸ்தெபான்ட்ஸ்மிண்டான்னு ஒரு சின்ன ஊர். அதுக்கு மேல 2170 மீட்டர் உயரத்துல கெர்கெத்தின்னு 14-ம் நூற்றாண்டுச் சர்ச் ஒண்ணு தனியா நிக்கும், பின்னாடி கஸ்பெக் பனிமலை, அதைப் பார்க்கத் தான் நானும் வீட்டுக்காரரும் போனோம். டிடூபேங்கிற பஸ் ஸ்டாண்டுல இருந்து மார்ஷ்ருட்காங்கிற வேன், நம்ம ஊர் ஷேர் வேன் மாதிரி, ஆள் நிறைஞ்சா தான் கிளம்பும். மூணு மணி நேரப் பாதை. ஏப்ரல் மாசம் தானேன்னு நினைச்சோம், ஆனா வழியில ஜ்வரி கணவாய் 2300 மீட்டருக்கு மேல, அங்க பனி கொட்டி ரோட்டை மூடிட்டாங்க. பசனௌரிங்கிற ஊர்ல வேன் நின்னுடுச்சு. டிரைவர் என்னமோ சொன்னார், எல்லாரும் இறங்கிட்டாங்க, நாங்க ரெண்டு பேரும் உட்கார்ந்துட்டே இருந்தோம், என்னன்னு புரியல.

எங்களுக்கு முன் சீட்ல இருந்த ஒரு பாட்டியம்மா, கறுப்புத் துணியைத் தலையில கட்டியிருந்தாங்க, திரும்பிப் பார்த்துட்டு வா வான்னு கையைக் காட்டினாங்க. அவங்க மக வீடு அந்த ஊர்லயே இருந்திருக்கு. முதல்ல ஆத்தங்கரைக்குக் கூட்டிட்டுப் போனாங்க. அங்க ரெண்டு அரக்வி ஆறு சேருது, ஒண்ணை வெள்ளை அரக்வின்னும் இன்னொண்ணைக் கறுப்பு அரக்வின்னும் சொல்றாங்க, சேர்ந்த பிறகும் கொஞ்ச தூரம் ரெண்டு நிறமும் கலக்காம பக்கத்துல பக்கத்துலயே ஓடுது. பாட்டி எங்க ரெண்டு பேரையும் காட்டி, ஆத்தைக் காட்டி, ரெண்டு விரலை ஒண்ணா வச்சுக் காட்டினாங்க. புருஷன் பொண்டாட்டியான்னு கேட்குறாங்களா இல்ல வாழ்த்துறாங்களான்னு தெரியல, ரெண்டுக்கும் சேர்த்துத் தலையாட்டினேன்.

வீட்டுக்குள்ள போனா பத்து நிமிஷத்துல மேஜை நிறைஞ்சுடுச்சு. சீஸ் வச்ச ரொட்டி, வால்நட் அரைச்சுத் தடவின கத்திரிக்காய், ஊறுகாய், மண் ஜாடியைப் பூமிக்குள்ள புதைச்சுப் போடுற வீட்டு ஒயின். அந்த ஜாடி முறையை 2013-ல யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியல்ல சேர்த்திருக்கு. விருந்தாளி கடவுள் அனுப்பின பரிசுன்னு அங்க ஒரு பழமொழியே உண்டு. சேர்ந்து சாப்பிடுறதுக்கு சுப்ரான்னு பேரு, அதை நடத்துறவர் தமதா. அன்னைக்கு அந்தப் பாட்டியோட மருமகன் தமதா. கிளாஸைத் தூக்கி, சும்மா சியர்ஸ்னு குடிச்சுடுறது இல்ல, ஒவ்வொரு தடவையும் எழுந்து நின்னு ஒண்ணைச் சொல்லணும், அமைதிக்கு, பெத்தவங்களுக்கு, வந்திருக்கிற விருந்தாளிக்கு. நாங்க ஒயின் குடிக்க மாட்டோம்னு கையால காட்டினோம், யாரும் முகம் சுளிக்கல, தர்ஹூனான்னு பச்சைக் கலர்ல மூலிகை சோடா ஒண்ணு வந்துச்சு, அதைத் தூக்கிட்டு நாங்களும் 'கௌமர்ஜோஸ்' சொன்னோம்.

அப்புறம் அந்த மனுஷன் குரலைத் தாழ்த்தி, சுவத்துல இருந்த ஒரு போட்டோவைக் காட்டி, மேல கையைக் காட்டினார். போயிட்டவங்களுக்கான கிளாஸ் அது. எங்க அம்மா போய் அப்ப ஏழு மாசம் தான் ஆகியிருந்துச்சு. நான் எழுந்து நின்னு தமிழ்லயே அம்மா பேரைச் சொன்னேன், அவங்க எப்படி ரசம் வைப்பாங்கன்னு சொன்னேன், கடைசி நாள் என்கிட்ட என்ன சொன்னாங்கன்னு சொன்னேன். ஒரு வார்த்தை அங்க யாருக்கும் புரிஞ்சிருக்காது. பாட்டியம்மா எழுந்து வந்து என் தலையைத் தன் தோள்ல சாய்ச்சுக்கிட்டாங்க. எங்க அம்மாவுக்காக நான் வாய்விட்டு அழுதது அந்த வீட்டுல தான், அதுக்கு முன்னாடி இங்க காரியம், கணக்குவழக்குன்னு அழவே நேரம் இல்லாம போச்சு.

சாயங்காலம் ரோடு திறந்து வேன் ஹாரன் அடிச்சுது. மறுநாள் சர்ச்சுக்கும் போயிட்டு வந்தோம், நல்லா இருந்துச்சு.

மொழிக்கு வருவோம். வணக்கம், நன்றி, நல்லா இருக்கு, தண்ணி, மன்னிக்கணும், இந்த அஞ்சைக் கத்துக்கிட்டுப் போங்க. ஜார்ஜியாவுல வணக்கத்துக்கு கமர்ஜோபா, நன்றிக்கு மத்லோபா. அப்புறம் குடும்ப போட்டோ நாலு, பேப்பர்ல பிரிண்ட் போட்டது. போன்ல காட்டினா தள்ளித் தள்ளிப் பார்த்துட்டுத் திருப்பிக் குடுத்துடுவாங்க, பேப்பர் போட்டோன்னா கையில வச்சுக்கிட்டு இது யாரு அது யாருன்னு கேட்பாங்க.

நாங்க சுத்த சைவம். யாராவது வீட்டுக்குக் கூப்பிட்டா சாப்பாட்டுக்கு என்ன செய்யுறதுன்னே தயக்கமா இருக்கு.
*வாசகி, நாகர்கோவில்*

தயங்காதீங்க, உள்ள நுழைஞ்சதுமே சொல்லிடுங்க, சமைச்ச பிறகு சொன்னா தான் அவங்க மனசு கஷ்டப்படும். நிறைய ஊர்கள்ல விரதச் சாப்பாடுன்னு ஒண்ணு இருக்கும், அந்த ஊர் வார்த்தையைத் தெரிஞ்சு வச்சுக்கோங்க, "நான் வெஜிடேரியன்"னு சொல்றதை விட அது சட்டுனு புரியும். ஜார்ஜியாவுல சர்ச் நோன்பு நாள்ல கறி, பால், முட்டை இல்லாம சாப்பிடுறதுக்கு சமார்க்வோன்னு பேரு, அதைச் சொன்னா பீன்ஸ், வால்நட், கீரைன்னு மேஜை மாறிடும். வியட்நாம்ல 'சாய்'னு சொன்னா பௌத்தக்காரங்க சைவச் சாப்பாடு, அமாவாசை பௌர்ணமியில ஜனங்க அதைச் சாப்பிடுற வழக்கமும் இருக்கு.

துபாய்ல, பர் துபாய்ல இருந்து தேராவுக்கு அப்ரா படகுல போயிட்டு இருந்தேன். அந்த ஒரு திர்ஹாம் படகுல எனக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தவன் திரும்பினான், பத்தாங்கிளாஸ்ல என் பக்கத்து பெஞ்ச்! இருபத்திரெண்டு வருஷம் கழிச்சு. படகு கரையைத் தொடுற அஞ்சு நிமிஷமும் ரெண்டு பேரும் பேசவே இல்ல, கையைப் பிடிச்சுக்கிட்டு இருந்தோம். இது தெய்வச் செயலா, இல்ல வெறும் கணக்கா?
*வாசகர், தூத்துக்குடி*

உங்க கடிதத்தை எங்க வீட்டுல சத்தமாப் படிச்சுக் காட்டினேன், எல்லாரும் அமைதியாகிட்டாங்க.

கணக்கு என்ன சொல்லுதுன்னு முதல்ல சொல்லிடறேன். ஸ்டான்லி மில்கிராம்னு ஒரு அமெரிக்க உளவியல் அறிஞர் 1960-கள்ல ஒரு சோதனை பண்ணார், பாஸ்டன்ல இருக்கிற ஒரு குறிப்பிட்ட ஆளுக்கு ஒரு கடிதத்தை, தனக்கு நேரடியாத் தெரிஞ்சவங்க மூலமா மட்டுமே கை மாத்திச் சேர்க்கணும்னு நெப்ராஸ்காவுலயும் பாஸ்டன்லயும் சில பேர்கிட்டக் குடுத்தார். 1969-ல வெளியான கணக்குல, 296 பேர்ல ஆரம்பிச்சு 64 கடிதம் போய்ச் சேர்ந்துச்சு, நடுவுல இருந்தது சராசரியா அஞ்சு பேர் தான். அந்த அளவுக்கு உலகம் நெருக்கமாப் பின்னிக் கிடக்கு. இன்னொண்ணு, நம்ம ஜனங்க உலகம் முழுக்கச் சிதறிப் போறதில்ல, சில குறுகலான வழியில தான் போறாங்க. துபாய், சிங்கப்பூர், தோஹா ஏர்போர்ட், ஒரே மாதிரி வேலை, ஒரே மாதிரி லீவு நாள், ஷார்ஜா ரோல்லா மாதிரி நம்ம ஆளுங்க கூடுற இடம். தூத்துக்குடியில படிச்ச பையன் துபாய்ல அப்ரா ஏறுறது அப்படி ஒண்ணும் அபூர்வம் இல்ல, ஆயிரக்கணக்குல ஏறுறாங்க, அதுல ரெண்டு பேர் ஒரே படகுல ஏறித் தான் ஆகணும், என்னைக்காவது.

ஆனா அந்த ரெண்டு பேரும் நீங்க ரெண்டு பேரா ஏன் இருந்தீங்கங்கிறதுக்குக் கணக்குல பதில் இல்ல. அதை நீங்க தெய்வம்னு சொன்னா நான் மறுக்க மாட்டேன்.

அதே மில்கிராம் 1972-ல இன்னொண்ணு எழுதினார். தினமும் ஒரே ஸ்டேஷன்ல ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கிட்டு, ஆனா பேசாம நிக்கிறவங்க இருக்காங்களே, அவங்க ரெண்டு பேரும் தூர தேசத்துல எதிர்ப்பட்டா அங்க பேசிடுவாங்கன்னு. எனக்கு அது ரொம்பச் சரின்னு படுது. நீங்க ரெண்டு பேரும் தூத்துக்குடி பஸ் ஸ்டாண்டுல எதிர்ப்பட்டிருந்தா, "என்னடா நல்லாருக்கியா"ன்னு கேட்டுட்டு அவனவன் பஸ் ஏறிப் போயிருப்பீங்க.

மகன் ஒசாகாவுல வேலை பார்க்கிறான். அவன்கூட ஷிகோகு தீவுக்குப் போய் கோயில் கோயிலா கொஞ்ச தூரம் நடந்தோம். ஒரு பாட்டி வீட்டுக்குள்ள இருந்து ஓடி வந்து கையில நாலு ஆரஞ்சுப் பழத்தை வச்சாங்க. நான் 500 யென் எடுத்து நீட்டினேன், அவங்க பதறிப் போய் ரெண்டு கையையும் ஆட்டிட்டு உள்ள போயிட்டாங்க. அவமானப்படுத்திட்டேனோன்னு இன்னைக்கும் உறுத்துது.
*வாசகர், மதுரை*

உறுத்த வேண்டாம். வெளியூர்க்காரங்களுக்குத் தெரியாதுன்னு அவங்களுக்குத் தெரியும். ஆனா உங்க கையில வந்தது சாதாரண ஆரஞ்சு இல்ல, அதை மட்டும் தெரிஞ்சுக்கோங்க.

ஷிகோகு தீவைச் சுத்தி 88 கோயில், மொத்தம் சுமார் 1200 கிலோமீட்டர். 774-ல் இருந்து 835 வரைக்கும் வாழ்ந்த குகாய்ங்கிற பௌத்தத் துறவி, கோபோ தைஷின்னும் சொல்வாங்க, அவர் பேரால நடக்குற யாத்திரை அது. நடந்தே முடிக்க ஒன்றரை மாசம் ஆகும். நடக்குறவங்களுக்கு ஹென்ரோன்னு பேரு, வெள்ளை மேல்சட்டை, கோரைத் தொப்பி, கையில ஒரு தடி. தொப்பியிலயும் சட்டையிலயும் "இருவராகச் செல்கிறோம்"ங்கிற அர்த்தத்துல எழுதியிருக்கும், தனியா நடந்தாலும் குகாய் கூடவே நடக்கிறார், அந்தத் தடி தான் அவர். பாலத்து மேல போறப்ப தடியைத் தட்டக் கூடாதுன்னு ஒரு வழக்கம், இடம் கிடைக்காம அவர் ஒரு ராத்திரி பாலத்துக்கு அடியில தூங்கினார்னு கதை, இன்னும் தூங்கிட்டு இருந்தா எழுப்பிடக் கூடாதாம்.

அப்படி நடக்கிறவங்களுக்கு வழியில இருக்கிற ஜனங்க பழம், டீ, சில்லறைக் காசு, சில சமயம் படுக்க இடம் கூடக் குடுக்குறதுக்கு ஒசெத்தாய்னு பேரு. நம்ம பழனி பாதயாத்திரையில தண்ணிப்பந்தல் வைக்கிறாங்களே, காலுக்கு எண்ணெய் தடவி விடுறாங்களே, அதே மனசு. குடுக்கிறவங்களும் அந்த யாத்திரையில பங்கு எடுத்துக்கிறாங்க, அதனால மறுக்கக் கூடாது, காசும் குடுக்கக் கூடாது. பதிலுக்கு ஒசாமே ஃபுடான்னு ஒரு சின்னச் சீட்டு, உங்க பேர், ஊர், வேண்டுதல் எழுதினது, அதை ரெண்டு கையாலயும் குடுக்கணும். கோயில்லயே கட்டுக் கட்டா விக்கிறாங்க.

நானும் ஒரு நவம்பர்ல முதல் பத்துக் கோயில் நடந்தேன், டோகுஷிமா பக்கம் ரியோசென்ஜியில ஆரம்பிச்சு கிரிஹதாஜி வரைக்கும், ரெண்டு நாள். கிரிஹதாஜிக்கு 333 படி ஏறணும். படிக்குக் கீழ ஒரு பெஞ்சுல கால் வலிக்க உட்கார்ந்திருந்தேன், பக்கத்துல ஒரு தாத்தா வந்து உட்கார்ந்தார். என் தொப்பி கயிறு தப்பாக் கட்டியிருக்குன்னு சைகையில சொல்லிட்டுச் சரியாக் கட்டி விட்டார். நான் என் வெள்ளைச் சீட்டு ஒண்ணைக் குடுத்தேன். அவர் பையில இருந்து ஒரு சீட்டை எடுத்துக் குடுத்தார், அது தங்க நிறம். வெள்ளைச் சீட்டு முதல் நாலு தடவை சுத்துறவங்களுக்கு, அப்புறம் பச்சை, சிவப்பு, வெள்ளின்னு போகும், தங்கம்னா அம்பது தடவைக்கு மேல முழுச் சுத்து முடிச்சவர். 88 கோயிலையும் அம்பது தடவைக்கு மேல! அவர் கையால என் தொப்பிக் கயிறு. அன்னைக்கு அந்தப் படி முழுக்க அவர் எனக்கு முன்னாடி மெதுவா ஏறினார், நான் நின்னா அவரும் நின்னார், திரும்பிப் பார்க்கல, என் மூச்சுச் சத்தத்தை வச்சே நின்னார்.

கிரிஹதாஜின்னா 'வெட்டின துணி'ன்னு அர்த்தம். குகாய் அந்த ஊர்ல கிழிஞ்ச அங்கியைச் சரி பண்ணத் துண்டுத் துணி கேட்டாராம், தறியில துணி நெய்ஞ்சுட்டு இருந்த ஒரு பொண்ணு, நெய்ஞ்சுட்டு இருந்த புதுத் துணியையே தயங்காம வெட்டிக் குடுத்துட்டாளாம். அவளை வச்சுத் தான் அந்தக் கோயில் கதையே. வழிப்போக்கன் கேட்டதும் குடுத்த ஒரு பொண்ணு, அது மேல எழுந்த கோயில்.

ஆனா எல்லா ஊர்லயும் இதே கணக்கு இல்ல, அதையும் சொல்லிடணும். ஈரான்ல டாக்சிக்காரரோ கடைக்காரரோ காசு வேண்டாம்னு சொல்வாங்க, அது தாரோஃப்ங்கிற மரியாதை, வாய்வார்த்தை. ரெண்டு மூணு தடவை வற்புறுத்திக் குடுத்துடணும், குடுக்காம வந்தா தான் தப்பு. ஷிகோகுல வற்புறுத்தினா தப்பு. உங்க மகனை விட்டு அந்தப் பாட்டி வீட்டு வாசல்ல, உங்க பேர் எழுதின ஒரு வெள்ளைச் சீட்டைக் குடுத்துட்டு வரச் சொல்லுங்க. ஒசாகாவுல இருந்து பஸ்ல போயிட்டு வர்ற தூரம் தான்.

நான் தனியாப் பயணம் போற பொண்ணு. நீங்க சொல்றது எல்லாம் கேட்க ஆசையா இருக்கு, ஆனா யாரை நம்புறதுன்னு எப்படித் தெரியும்?
*வாசகி, சேலம்*

நல்ல கேள்வி, இதை எழுதாம இந்தப் பக்கத்தை முடிக்க மாட்டேன்.

முதல்ல பார்க்க வேண்டியது, யாரு யாரைத் தேடி வந்தாங்கன்னு. நீங்களா ஒருத்தரைத் தேர்ந்தெடுத்து, கடைக்காரம்மாவையோ குழந்தையோட நிக்கிற பொண்ணையோ, வழி கேட்டா அவங்க உங்களை ஏமாத்தக் காத்துட்டு இருந்தவங்களா இருக்க வாய்ப்பு ரொம்பக் கம்மி. டூரிஸ்ட் இடத்துல, நல்லா இங்கிலீஷ் பேசிக்கிட்டு, தானா வந்து சிரிச்சு, ரெண்டு நிமிஷத்துல ஒரு இடத்துக்குப் போகலாம்னு கூப்பிடுறவங்க கிட்டத் தான் ஜாக்கிரதை. பெய்ஜிங், ஷாங்காய்ல 'படிக்கிற பசங்க, இங்கிலீஷ் பேசிப் பழகணும்'னு சொல்லி டீக்கடைக்குக் கூட்டிட்டுப் போவாங்க, பில்லு ஆயிரக்கணக்குல வரும். இஸ்தான்புல்ல அதையே பாருக்குக் கூட்டிட்டுப் போய் பண்றாங்க. எந்த இடத்துக்குப் போறதுன்னு அவங்க தான் முடிவு பண்றாங்கன்னா வேண்டாம்னுடுங்க.

யாரோட பையையும் பொட்டலத்தையும் எடுத்துட்டுப் போகாதீங்க, ஏர்போர்ட்ல நம்ம ஊர் ஆளே கண்ணீர் விட்டுக் கேட்டாலும். கண்ணு முன்னாடி ஊத்தாத எதையும் குடிக்காதீங்க. ஒருத்தர் வீட்டுக்குப் போறதுன்னா அங்க பொம்பளைங்க குழந்தைங்க இருக்காங்களான்னு பாருங்க, எங்க போறேன்னு தங்குற இடத்துக்கு ஒரு மெசேஜ் போட்டுடுங்க. மனசுக்குள்ள சின்னதா ஒரு நெருடல் வந்தா எழுந்து வந்துடுங்க, மரியாதைக்காக உட்கார்ந்திருக்காதீங்க. நான் ஒரு தடவை ஒரு பெரிய ஊர்ல பாதி டீயோட எழுந்து வந்திருக்கேன், அவங்க நல்லவங்களாவே இருந்திருக்கலாம், பரவால்ல.

ரெண்டு வருஷம் முன்னாடி பாரிஸ்ல ட்ரெயினைத் தவற விட்டுட்டு ராத்திரி பத்து மணிக்கு கார் து நோர் ஸ்டேஷன் வெளிய நின்னேன். லா ஷப்பேல் பக்கம் நடந்தா தமிழ் போர்டு! ஒரு மளிகைக் கடை அண்ணன், யாழ்ப்பாணத்துக்காரர், கடை சாத்திட்டு இருந்தவர் என் முகத்தைப் பார்த்துட்டு "தம்பி, சாப்பிட்டீங்களோ?"ன்னு கேட்டார். இடியாப்பமும் சொதியும் வாங்கிக் குடுத்து, தன் அறையில படுக்க வச்சு, விடிகாலையில ஸ்டேஷன்ல ஏத்தி விட்டார். அவசரத்துல நம்பர் வாங்கல, கடை பேரும் ஞாபகம் இல்ல. ஒரு நன்றி சொல்லணும். எப்படித் தேடுறது?
*வாசகர், புதுச்சேரி*

தம்பி, அவர் கேட்ட அந்த ஒரு கேள்விக்காகவே அவரைத் தேடிக் கண்டுபிடிக்கணும்.

லா ஷப்பேல் அவ்வளவு பெரிய இடம் இல்ல. 1983-க்கு அப்புறம் ஊரை விட்டு வந்த ஈழத்து ஜனங்க கடை வச்சு உருவாக்கின சில தெருக்கள் தான், மெட்ரோ ரெண்டாம் லைன் ஸ்டேஷனைச் சுத்தி. ஒரு தெருவுல ஒரு கடைக்காரருக்கு மத்தக் கடைக்காரரைத் தெரியாம இருக்காது. உங்க புதுச்சேரியில பாரிஸ்ல சொந்தம் இல்லாத தெரு கம்மி, யாராவது ஒருத்தரைப் பிடிங்க. ஒரு கடிதம் எழுதுங்க, கையால, தமிழ்ல, எந்த மாசம், எத்தனை மணி, என்ன சாப்பிட்டீங்க, அறை எத்தனையாவது மாடி, ஞாபகம் இருக்கிற எல்லாத்தையும் எழுதி, உங்க போட்டோ ஒண்ணைச் சேர்த்து, நாலு காப்பி எடுத்து நாலு மளிகைக் கடையில குடுக்கச் சொல்லுங்க.

முடிஞ்சா நீங்களே போங்க. ஆகஸ்ட் கடைசியிலயோ செப்டம்பர் ஆரம்பத்துலயோ ஒரு ஞாயித்துக்கிழமை அங்க மாணிக்க விநாயகர் கோயில் தேர் வரும், தெரு முழுக்கத் தேங்காய் உடைப்பாங்க, அன்னைக்கு அந்தப் பக்கத்துத் தமிழ் ஜனங்க எல்லாரும் ரோட்டுல தான் இருப்பாங்க. போகும்போது ஊர்ல இருந்து ஏதாவது பலகாரம் எடுத்துட்டுப் போங்க. அவர் கிடைச்சதும் எனக்கு ஒரு வரி எழுதுங்க, ராத்திரி எத்தனை மணியா இருந்தாலும் சரி.